மலையில் தீ அணைந்தாச்சு, இனி ஓடைக்கரையில் பயமில்லாமல் படுக்கலாமா? (போடி – குரங்கணி பக்கம்)

ஓடைக்கரை வீடு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு போடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. ஊர்ப்பெயர் வேண்டாம், மொத்தமே முப்பது வீடு, சொன்னால் ஆளையே கண்டுபிடித்துவிடுவீர்கள். வீட்டுக்குப் பின்னால் முப்பதடி தள்ளி ஓடை. வருஷத்தில் பாதிக்கு மேல் காய்ந்துதான் கிடக்கும், ஆடு ஓட்டிப் போகிற வழியே அதுதான். மேலே இலவந்தோப்பு, அதற்கு மேல் புதர்க்காடு, உச்சியில் புல்மலை.

மாசிக் கடைசியில் மேலே தீப்பிடித்து மூன்று ராத்திரி எரிந்தது. மொட்டைமாடியில் நின்றால் மலைக்கு மாலை போட்ட மாதிரி தெரிந்தது. அப்புறம் அணைந்துவிட்டது, நாங்களும் மறந்துவிட்டோம்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் இடியோடு ஒரு மழை. அரைமணி நேரம்கூடப் பெய்யவில்லை. விட்டுப் பத்து நிமிஷத்தில் ஓடையில் தண்ணீர் வந்தது. அடிப்பிடித்த பானையைக் கழுவி ஊற்றின மாதிரி கன்னங்கரேல் என்று இருந்தது. கரிக்கட்டை, பாதி வெந்த மூங்கில், உள்ளே கல் உருளுகிற சத்தம். ரோட்டுக்கு அடியில் இருக்கிற சிமென்ட் குழாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் ரோட்டின் மேல் ஏறிவிட்டது. என் மாமனாருக்கு வயது 78. இதைவிடப் பெரிய மழைக்கெல்லாம் இந்த ஓடை இப்படி வந்ததில்லை என்கிறார்.

மனு எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "தீதான் அணைஞ்சிருச்சுல்லம்மா, அப்புறம் என்ன?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். சரி, இங்கே கேட்போம் என்று வந்தேன். தீக்கும் வெள்ளத்துக்கும் சம்பந்தம் உண்டா, இல்லை நான்தான் பயப்படுகிறேனா?

மெட்டு ஜீப்:

அக்கா, நான் 22 வருஷமாக போடிமெட்டுக்கு ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை ஏற்றிப் போகிறேன். 17 கொண்டை ஊசி வளைவும் எனக்குத் தூக்கத்தில் தெரியும். மலை வருஷா வருஷம் எரியத்தான் செய்கிறது. சாம்பல் கரைந்தால் தண்ணீர் கருப்பாகத்தான் வரும். ரோட்டில் மண் சரிவதெல்லாம் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு. மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். குழாயைச் சுத்தம் பண்ணுங்கள், போதும்.

கல்லும் மண்ணும்:

முடிச்சு நிஜமாகவே இருக்கிறது ஜீப் அண்ணே. கல்லூரியில் மண்ணியல் எடுக்கிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீப்பிடிக்காத காட்டில் மழைத்துளி நேராக மண்ணில் விழுவதில்லை. இலையில் பட்டு, கிளையில் வழிந்து, கீழே கிடக்கும் சருகில் ஊறி, மெதுவாக மண்ணுக்குள் இறங்கும். தீ வந்தால் குடையும் போச்சு, மெத்தையும் போச்சு. மழை மண்ணை நேரே அறைகிறது, நைசான சாம்பல் மண்ணின் துளைகளில் போய் அடைத்துக்கொள்கிறது.

இன்னொரு சங்கதியும் உண்டு. சருகிலும் வேரிலும் மெழுகு மாதிரிப் பொருள்கள் இருக்கின்றன. தீச்சூட்டில் அவை ஆவியாகிக் கீழே இறங்கி, சில்லென்று இருக்கும் மண்மணிகளில் மறுபடி படிகின்றன. அதனால் சாம்பலுக்குக் கீழே, சில இடங்களில் இரண்டு மூன்று விரல்கடை ஆழத்தில், தண்ணீர் ஒட்டாத ஒரு படலம் உண்டாகிவிடுகிறது. சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் உருளுமே, அப்படி. எல்லா மண்ணிலும் இது வராது. மண்ணின் வகை, என்ன எரிந்தது, எவ்வளவு நேரம் சூடு நின்றது என்பதைப் பொறுத்தது. ரொம்ப அதிகமான சூட்டில், சுமார் 300 பாகை செல்சியசுக்கு மேலே போனால், அந்தப் படலமே எரிந்து போய்விடுவதும் உண்டு.

மொத்தத்தில் முன்பு மலை குடித்த தண்ணீர் இப்போது ஓடைக்கு ஓடி வருகிறது. மேலே புல்லும் புதரும் பிடித்து வைத்திருந்த கல்லும் மண்ணும் பிடிவிட்டு, மழை இல்லாமலேயே உருண்டு ஓடைக்குள் சேர்ந்திருக்கும். அடுத்த மழை அத்தனையையும் வாரிக்கொண்டு வரும். அப்போது அது வெறும் வெள்ளமாக இருக்காது, ஈரச் சிமென்டுக் கலவை பாறைகளைச் சுமந்து வருகிற மாதிரி இருக்கும். மலை பிட்டுக்கொண்டு வருவதை மலையாளத்தில் உருள்பொட்டல் என்கிறார்களே, பார்வைக்கு அதே ஜாதி.

அக்கா, ஒரு சோதனை செய்யுங்கள். எரிந்த இடத்தின் ஓரத்தில் சாம்பலை மெல்ல ஒதுக்கிவிட்டு, மண்ணில் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். 5 விநாடிக்குள் உறிஞ்சினால் மண் நன்றாக இருக்கிறது. சொட்டு முத்தாக நின்றால் எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். ஒரு விரல்கடை தோண்டி அங்கேயும் விட்டுப் பாருங்கள்.

தேவாரம் தம்பி:

தீ வைத்தது யார் என்பதை விட்டுவிட்டு எல்லாம் பேசுங்கள். புதுப்புல் முளைக்கட்டும் என்று மாடு மேய்க்கிறவர்கள்

[இதற்கு மேல் நீக்கப்பட்டது. ஆதாரமில்லாமல் எந்தச் சமூகத்தையும் குற்றம் சொல்ல வேண்டாம். — நெறியாளர்]

ஓடைக்கரை வீடு:

சார், இன்று காலை என் மகனோடு போய்ப் பார்த்தேன். இலவந்தோப்புக்கு மேலே எரிந்த இடத்தில் மூன்று இடம் பார்த்தோம். புல் எரிந்த இடத்தில் சொட்டு விட்டதும் குடித்துவிட்டது. புதர் எரிந்த இடத்தில் மேல்மண் குடித்தது, ஒரு விரல் தோண்டி விட்டால் பாதரசம் மாதிரி நிற்கிறது! பையன் கைப்பேசியில் நேரம் பார்த்தான். 40 விநாடி ஆகியும் அப்படியே. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

கல் விஷயமும் உண்மைதான். ராத்திரியில் மேலே 'கடகட' என்று ஒரு சத்தம் கேட்கும், பன்றி என்று நினைத்திருந்தோம்.

வென்ச்சுராவாசி:

சொந்த ஊர் கம்பம், இப்போது இருப்பது கலிபோர்னியாவில். இந்தக் கதையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

2017 டிசம்பர் 4-ஆம் தேதி இங்கே தாமஸ் தீ என்று ஒன்று தொடங்கியது. 2,80,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. 2018 ஜனவரி 9 விடியற்காலை, மான்டெசிட்டோ என்கிற ஊருக்கு மேலே இருக்கும் எரிந்த மலையில் ஒரு பேய்மழை. 5 நிமிஷத்தில் அரை அங்குலத்துக்குச் சற்று மேல், அதாவது 13 மி.மீ. சொச்சம். நம் ஊரில் அதை மழை என்றே கணக்கில் எடுக்க மாட்டோம். ஓடைகள் வழியாகக் கார் அளவுப் பாறைகள் ஊருக்குள் வந்தன. 23 பேர் போனார்கள், 400-க்கும் மேற்பட்ட வீடுகள் சேதம், பெரிய நெடுஞ்சாலை இரண்டு வாரம் போல மூடிக் கிடந்தது. மாடமாளிகைகள் உள்ள பணக்கார ஊர் அது. ஓடைகளில் பாறையைத் தேக்கும் தொட்டிகளும் கட்டி வைத்திருந்தார்கள். அவையும் நிரம்பி வழிந்தன.

அந்த அலுவலகத்தில் கேட்டார்களே, தீ அணைந்துவிட்டதே என்று, அவர்களுக்காக ஒரு தகவல். தாமஸ் தீ முழுதாக அடங்கிவிட்டது என்று அறிவித்தது ஜனவரி 12-ஆம் தேதி. வெள்ளம் வந்து மூன்று நாள் கழித்து.

இங்கே பெரிய தீ என்றால் அணைந்துகொண்டிருக்கும்போதே மண் ஆட்கள் உள்ளே போய்விடுவார்கள். எந்தச் சரிவு எவ்வளவு கடுமையாக எரிந்திருக்கிறது, எந்த ஓடை எவ்வளவு மழைக்குக் கிளம்பும் என்று அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் வரைபடமே போடுகிறது. முதல் இரண்டு வருஷம்தான் கண்டம் என்கிறார்கள். 30 நிமிஷத்தில் 7 மி.மீ. பெய்தே உருண்டு வந்த சம்பவம் உண்டு.

மெட்டு ஜீப்:

தம்பி, கலிபோர்னியாக் காடும் குரங்கணிக் காடும் ஒன்றா? அங்கே எண்ணெய்ப் பசை உள்ள புதர் நாள் கணக்கில் கொழுந்துவிட்டு எரிகிறது. இங்கே சுக்குநாறிப் புல், சர்ர்ரென்று எரிந்து காற்றோடு போய்விடும். ஒரு மழை பெய்தால் பதினைந்து நாளில் பச்சை.

புல்மேடு:

ஜீப் சொல்வதில் பாதி சரி. நான் பதினோரு வருஷம் தீக் காவலராகக் கூலிக்குப் போனவன். பச்சைக் கொப்பை ஒடித்துக்கொண்டு ஓடி அடிப்பதுதான் எங்கள் ஆயுதம். 2018 மார்ச் 11-ல் குரங்கணியில் மலையேற வந்த பிள்ளைகள் சிக்கிக்கொண்டார்களே, அது மாதிரித் தீ ஆளைக் கொல்லும் வேகத்தில் வரும், ஆனால் மண்ணில் நிற்காது. புல்லுக்கு வேர் பிழைத்துக்கொள்ளும், மண்ணையும் பிடித்துக்கொள்ளும். புல்மலை எரிந்ததற்கு நான் பெரிதாகப் பயப்பட மாட்டேன்.

பயம் எங்கே என்றால், புல் முடிந்து சோலை ஓரமும் ஓடைப் பள்ளமும் தொடங்குகிற இடத்தில். அங்கே சருகு முழங்கால் அளவு கிடக்கும், பட்ட மரம் கிடக்கும். தீ அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் இரண்டு நாள் புகையும். அடையாளம் சொல்கிறேன். சாம்பல் கருப்பாக, எரிந்த குச்சி கொஞ்சம் மிச்சம் இருந்தால் தீ தாண்டிப் போயிருக்கிறது. சாம்பல் வெள்ளை வெளேரென்று மாவு மாதிரி இருந்தால் தீ அங்கே தங்கிச் சாப்பிட்டிருக்கிறது. அக்கா ஓடையின் தலைமாட்டில் வெள்ளைச் சாம்பல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆனால் அதைப் பார்க்க நீங்கள் மேலே போக வேண்டாம். எரிந்த மரம் காற்றே இல்லாமல் சாயும். வேர் எரிந்து உள்ளே குழியாக இருக்கும், கால் வைத்தால் இடுப்பு வரை போகும், உள்ளே கங்கு இருந்தால் கால் வெந்துவிடும். என் கூட்டாளிக்கு அப்படி ஆனது. மேலே போகிற காவலர் எவரையாவது கேட்டுக்கொள்ளுங்கள், மறைக்க மாட்டார்கள்.

லயத்துப்பிள்ளை:

நான் மூணாறு. பாட்டன் காலத்தில் தேயிலைக்கு மலையேறின குடும்பம், பிறந்தது லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பெட்டிமுடி மண்சரிவையும் இதையும் எவரும் ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள். இன்னும் போடவில்லை, ஆனால் உருள்பொட்டல் என்ற சொல் வந்துவிட்டால் அடுத்து அங்கேதான் போவீர்கள் என்று தெரியும். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி அங்கே 70 பேர் போனார்கள், எல்லோரும் எங்களை மாதிரி லயத்து ஜனம். அங்கே தீ எதுவும் இல்லை. நாள்கணக்கில் விடாமல் பெய்து மலையே ஊறிப் பிட்டுக்கொண்டு வந்தது. கரண்ட் இல்லை, போனுக்குச் சிக்னல் இல்லை, பெரியவரைப் பாலமும் போய்விட்டது. வெளியே தெரியவே மறுநாள் காலை ஆனது.

அதற்கப்புறம் என் அம்மா மழை ராத்திரியில் செருப்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறாள்.

கல்லும் மண்ணும்:

தம்பி சொன்னது ரொம்ப முக்கியம். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டுக்கும் பிறப்பு வேறு. பெட்டிமுடியும், 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் முண்டக்கை – சூரல்மலையில் நடந்ததும் மண் உள்ளே வரை ஊறியதால் வந்தவை. அங்கே இரண்டு நாளில் 500 மி.மீ.க்கு மேல் பெய்திருந்தது. அதற்கு மொத்த மழையைப் பார்க்க வேண்டும்.

எரிந்த மலையில் மண் ஊறவே வேண்டியதில்லை. ஊறாமல் மேலாக ஓடுவதுதான் சிக்கலே. அங்கே 10, 15 நிமிஷத்தில் எவ்வளவு வேகமாகப் பெய்கிறது என்பதுதான் கணக்கு.

நம் எச்சரிக்கை வண்ணங்கள் முதல் ஜாதிக்குப் பொருந்துகிறவை. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, மஞ்சள். 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை, ஆரஞ்சு. அதற்கு மேல் சிவப்பு. அக்கா வீட்டுக்கு மேலே வியாழக்கிழமை பெய்தது 20 மி.மீ. இருந்திருக்கலாம். அதற்கு எந்த வண்ணமும் வராது. ஆனால் அது 20 நிமிஷத்தில் கொட்டினால் எரிந்த ஓடைக்குப் போதும். நம்மூர்க் கோடைமழை எப்படிப் பெய்யும்? இடியோடு, மதியத்துக்கு மேல், ஒரே மலையில், கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். மாசி, பங்குனியில் எரிகிறது, சித்திரையில் கோடைமழை. இடையில் புல் முளைக்கக்கூட நேரமில்லாத இடங்கள் உண்டு.

வேர் விஷயம் தனி. தீயில் செத்த மரத்தின் வேர் உடனே விடாது, சில வருஷம் கழித்து மக்கும்போதுதான் பிடி விடும். செங்குத்துச் சரிவில் அப்போது அடைமழை வந்தால் பெட்டிமுடி ஜாதிச் சரிவு வரலாம். ஆகவே இந்த வருஷம் தப்பித்தால் கதை முடிந்தது என்று இல்லை.

ஓடைக்கரை வீடு:

சரி சார், புரிகிறது. ஆனால் நான் என்ன செய்வது? வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நாங்கள் பத்து வருஷமாகக் கட்டின வீடு, இன்னும் பின்பக்கம் பூசவில்லை.

வென்ச்சுராவாசி:

வீட்டை நகர்த்த வேண்டாம் அக்கா, ராத்திரியில் ஆளை நகர்த்தினால் போதும். மேலே இடி மின்னல் தெரிந்தால் ஓடைப்பக்க அறையில் எவரும் படுக்காதீர்கள். மழை உங்கள் வீட்டில் பெய்ய வேண்டும் என்றில்லை, மேலே பெய்தால் போதும். ஓடுவதானால் ஓடையை ஒட்டி மேலேயோ கீழேயோ ஓடக் கூடாது, பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் திடீரென்று குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள். மேலே எங்கோ மரமும் கல்லும் அடைத்து நிற்கிறது என்று அர்த்தம், அது உடையும்போது மொத்தமாக வரும்.

பாறை, மரம் அடைப்பைப் பற்றி இங்கே ஒரு பாடம் இருக்கிறது. 2010 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்சுக்கு வடக்கே, முந்தின வருஷம் எரிந்த மலையடிவாரத்தில், பாறை தேக்கும் தொட்டி ஒன்றின் வாயில் ஒரே ஒரு பெரிய பாறை போய் உட்கார்ந்துகொண்டது. தொட்டி நிரம்பி வழிந்து நாற்பது வீடு போல அடிபட்டது.

மெட்டு ஜீப்:

குழாய் என்ன அளவு அக்கா?

ஓடைக்கரை வீடு:

மாமா படுத்து ஊர்ந்து போகலாம் என்கிறார். இரண்டடி இருக்கும். ஒற்றைக் குழாய்.

மெட்டு ஜீப்:

அப்படியானால் நான் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். மலையைப் பற்றிச் சார் சொல்வதில் எனக்கு இன்னும் பாதி சந்தேகம்தான். ஆனால் இரண்டடிக் குழாய் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. மெட்டு ரோட்டில் நான் பார்த்த அடைப்பெல்லாம் இப்படித்தான். முதலில் ஒரு கட்டை குறுக்கே நிற்கும். அதில் சருகு சேரும். சருகில் மண் சேரும். அப்புறம் ரோடே அணைக்கட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் தாழ்வோ அந்தப் பக்கம் திரும்பும். உங்கள் வீடு தாழ்ந்த பக்கமா?

ஓடைக்கரை வீடு:

ஆமாம் அண்ணே.

மெட்டு ஜீப்:

ஞாயிற்றுக்கிழமை எனக்கு டிரிப் இல்லை. மண்வெட்டி, கடப்பாரை, இரண்டு பையன்களோடு வருகிறேன். ஊர்ப்பெயரைத் தனியாக அனுப்புங்கள். ஓடைக்குள் வெட்டிப் போட்ட இலவங்கிளை, தென்னை மட்டை எல்லாவற்றையும் கரை மேலே எடுத்துப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. குழாய்க்குப் பதில் அகலப் பாலம் போடுவது பஞ்சாயத்து வேலை, அதற்கு நடந்துகொண்டே இருங்கள்.

புல்மேடு:

எரிந்த சரிவில் வெட்டின கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே போட்டு வைப்பதும், வைக்கோல் பரப்புவதும் வெளிநாட்டில் செய்கிறார்களாம். உங்கள் தோப்புக்குள் என்றால் செய்யலாம். காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு குச்சியைக்கூடத் தொடாதீர்கள், வழக்காகிவிடும். குழி தோண்டிக் கன்று நடுகிறேன் என்று எவராவது வந்தால் இந்த மழை முடியட்டும் என்று சொல்லுங்கள். கிளறின மண் முதலில் வந்துவிடும்.

லயத்துப்பிள்ளை:

அக்கா, ஒரு யோசனை. வயநாட்டில் ஹ்யூம் மையம் என்று கல்பற்றாவில் ஓர் அமைப்பு இருக்கிறது. மாவட்டம் முழுக்க 200-க்கு மேல் மழைமானி வைத்து, தோட்டக்காரர்களும் விவசாயிகளுமே அளந்து சொல்கிறார்கள். முண்டக்கை உடைவதற்கு முந்தின நாளே அந்தக் கணக்கை வைத்து எச்சரிக்கை கொடுத்தார்கள். நாமும் சின்ன அளவில் செய்யலாமே. மலைமுகட்டில் இருக்கிற டாப் ஸ்டேஷன் பக்கம் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். மலைமுகட்டுக்கு மேற்கே விழுகிற தண்ணீர் எங்கள் முதிரப்புழைக்கு, கிழக்கே விழுவது உங்கள் கொட்டகுடி ஆற்றுக்கு. மேகத்துக்கு இடுக்கி, தேனி என்று தெரியுமா என்ன? உங்களுக்கு வரும் எச்சரிக்கை தேனிக்கு, எங்களுக்கு இடுக்கிக்கு. இரண்டையும் பாருங்கள். மேலே கருக்கலிட்டால் நான் ஒரு குரல் அனுப்புகிறேன்.

கல்லும் மண்ணும்:

அருமை. மழைமானி வாங்க வேண்டாம். மேலும் கீழும் ஒரே அகலம் உள்ள கண்ணாடி டம்ளரோ டப்பாவோ போதும். வெட்டவெளியில் வைத்து, நின்ற தண்ணீரின் உயரத்தை ஸ்கேலில் அளந்தால் அதுதான் மி.மீ. முக்கியமாக, எத்தனை நிமிஷம் பெய்தது என்றும் எழுதுங்கள். நிமிஷம் இல்லாத கணக்கு இந்த விஷயத்தில் உதவாது.

ஓடைக்கரை வீடு:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஜீப் அண்ணன் சொன்னபடி வந்தார், நான்கு பேரோடு. குழாயிலிருந்து எடுத்த மண்ணும் கரியும் ஒரு டிராக்டர் பெட்டி. நடுவில் ஒரு டயர், ஒரு சாமி படம், யாருடையதோ ஒற்றைக் கொலுசு. காவலர் ஒருவரைக் கேட்டோம். ஓடைத் தலைமாட்டில் இரண்டு பள்ளத்தில் வெள்ளைச் சாம்பல் இருக்கிறதாம்.

நேற்று மதியம் மூன்றரைக்கு லயத்துத் தம்பி குரல் அனுப்பினார், "அக்கா, மேல கருத்திருச்சு" என்று. எங்கள் வீட்டில் அப்போது வெயில். மாமாவையும் மாட்டையும் மேட்டுத்தெரு சித்தி வீட்டுக்கு ஏற்றிவிட்டோம். மாமா வர மாட்டேன் என்று அரைமணி நேரம் சண்டை. நாலே காலுக்கு ஓடை வந்தது. எங்கள் டம்ளரில் வெறும் 6 மி.மீ., 15 நிமிஷம். ஓடையிலோ என் இடுப்பளவு, கருப்பு, முன்னால் ஒரு கட்டைக் குவியலைத் தள்ளிக்கொண்டு. குழாய் இந்த முறை அடைக்கவில்லை. ஆனால் கரையில் நின்ற முருங்கை போய்விட்டது, பின்சுவர் ஓரம் ஒரு முழம் சேறு.

மேலே டம்ளரில் எவ்வளவு என்று தம்பி சொன்னால் எழுதி வைப்பேன். சித்தி வீட்டில் மாமா இப்போது காலையிலேயே மலையைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார்.

லயத்துப்பிள்ளை:

31 மி.மீ. அக்கா. 22 நிமிஷம்.